தாம்பாளத்தில் தண்ணீர் பாட்டில்

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போயிருந்தார்கள். முன்னறையில் விரித்த ஜமக்காளத்தை இன்னும் சுருட்டவில்லை. நடுவில் ஒரு தாம்பாளம். அதில் பூ, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். பக்கத்தில் இன்னொரு தாம்பாளத்தில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள்.

ஒரு பாட்டிலின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தவை போலிருக்கிறது. வேர்த்து வழிந்து, தாம்பாளத்தில் நீர் கோத்து நின்றது.

நான் போனது வேறு வேலையாக. நாவல்மேடு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். முன்பு வயல் கூலிக்குப் போன குடும்பங்கள், இப்போது கம்பெனி வேலைக்குப் போகின்றன. குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வருகிற ஊர் என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கியது. அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு குரல் செய்தி பதிவு செய்யத்தான் ரெக்கார்டரும் கையுமாகப் போயிருந்தேன்.

அந்த வீடு தேசம்மாவுடையது. தொழிற்பேட்டை கேன்டீன் ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர். ஊர்க் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னவர், அன்று காலையில் மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. நல்ல காரியம் முடிவதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் பேசி முடிகிற வரை அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. ஆனால் தண்ணீர் குடிப்பார்கள். வந்து உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் வரும். வாங்கி ஒரு வாயாவது குடித்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். அதைக்கூடத் தொடாமல் எழுந்தால் அர்த்தம் வேறு.

வந்தவர்கள் பொன்னேரிப் பக்கம். பையனுக்கு மீஞ்சூரில் வேலை. மரியாதையாக இருக்கட்டும் என்று தேசம்மா டம்ளரை ஒதுக்கிவிட்டு, கல்யாண மண்டபத்தில் இலைக்கு இலை வைப்பார்களே, அந்த மாதிரி ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டார். பையனின் அம்மா பாட்டிலைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். பிறகு, "ஊட்ல குடிக்கிற தண்ணி இல்லியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். இந்த வாக்கியத்துக்கு யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை.

"டம்ளர்ல குட்த்திருந்தா குட்ச்சிருப்பாங்களா யக்கா?" என்றார் தேசம்மா என்னிடம்.

 டம்ளரில் கொடுத்திருந்தால் இது எந்தத் தண்ணீர் என்று கேட்டிருப்பார்கள். உள்ளே சுகன்யா பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் ரெக்கார்டரை எடுக்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஆட்டோவில் படித்த படிப்பு

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகர் ஒருவர், நான் பத்திரிகைத் தொழிலை எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று கேட்டிருந்தார். ஆட்டோவில் படித்தேன் ஐயா. கேலி செய்யவில்லை.

அப்பா இரும்பு உருட்டாலையில் வேலை பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்னைப் படிக்க வைக்க அவரால் முடியவில்லை. பொன்னேரியில் மைக்செட் கடை வைத்திருந்த ஒருவர், அறிவிப்புக்குப் பெண் குரல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். மாதா கோயிலில் நான் வேதபாடம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்படித்தான் ஆட்டோவில் ஏறினேன்.

ஆடித் தள்ளுபடி, மின்தடை, இலவசக் கண் சிகிச்சை முகாம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. ஊருக்கே என் குரல் தெரியும், ஆளைத் தெரியாது. பால் பூத்தில் வாயைத் திறந்தால் கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்வார். யார் செத்தார்கள் என்று பயந்திருப்பார்.

ஒரு திருவிழாச் சமயத்தில் பொன்னேரிச் சந்தையில் ஒரு குழந்தை தொலைந்துபோனது. குழந்தையின் அம்மாவை ஆட்டோவில் என் பக்கத்தில் உட்காரவைத்து, சந்தையைச் சுற்றி வந்தோம். காணவில்லை, காணவில்லை என்று நான் குரலை உருக்கி, கிட்டத்தட்ட அழுதே சொன்னேன். சொந்தத் திறமையில் எனக்கே கண் கலங்கியது. ஜனங்கள் நின்று கேட்டார்கள். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். பிறகு திரும்பி வெங்காயம் பொறுக்கினார்கள்.

அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மைக்கை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். குரலில் அழுகையே இல்லை. "பச்ச சட்ட. பேரு கோபி. பேரச் சொன்னா திரும்பிப் பாப்பான். உங்க உங்க கடைக்கு அடியில கொஞ்சம் குனிஞ்சி பாருங்க. இருந்தான்னா தண்ணி குட்த்து உக்கார வைங்க, நான் வந்துகினே கீறேன்."

சந்தை மொத்தமும் குனிந்தது. தராசைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்கள். கரும்புக் கட்டுகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவனை யாரோ கண்டுபிடித்துத் தோளில் தூக்கி வந்தார்கள்.

அழுகிற செய்திக்கு ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். வேலை கொடுக்கிற செய்திக்குக் குனிவார்கள். நான் கற்றுக்கொண்ட பத்திரிகைத் தொழில் இவ்வளவுதான். நம்பிக்கை தரும் செய்தி என்று யாராவது சொன்னால், சர்க்கரை தடவிய செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது அந்த அம்மாவின் குரல்.

காலிக் குடம்

பிறகு பல வருடம் நாளிதழ்களுக்கு எழுதினேன். அதையெல்லாம் முன்பே புலம்பித் தீர்த்துவிட்டேன். இந்தச் சம்பவம் நடந்த காலத்தில் எனக்குப் பிழைப்பு 'சங்கு'. செல்போனில் வரும் குரல் செய்தி. ஷிப்ட் முடிந்து கம்பெனி சங்கு ஊதும் நேரத்துக்கு அனுப்புவோம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள் அதை ஸ்பீக்கரில் போடுவார்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் இருக்காது. காது இருக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. என் செய்தி வருகிற நாளில் நானும் ஏதாவது ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காக. பாதியில் யாராவது கொட்டாவி விட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

நாவல்மேட்டுத் தண்ணீர் ஏன் மஞ்சளானது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. லாரியில் நல்ல தண்ணீர் வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள். வராத நாளில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். உடனே போட்டோகிராபர்கள் வந்தார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை என்றால் காலிக் குடம் வேண்டும். குடத்தைக் கவிழ்த்துப் பிடி, தலைக்கு மேலே தூக்கு, கொஞ்சம் அழு. நாவல்மேட்டுப் பெண்களுக்கு இதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா கீது சார் என்று அவர்களே இடம் காட்டுவார்களாம். தேசம்மா சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை.

படங்கள் வந்தன. தண்ணீர் வரவில்லை. ஊருக்கு 'மஞ்சத் தண்ணி ஊரு' என்று பெயர் மட்டும் வந்தது. அந்தப் பெயர் எங்கெல்லாம் போகும் என்று படம் எடுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பொன்னேரியில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து திரும்பி வந்து இந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல் எழுந்து போயிருக்கிறது.

அழமாட்டேன்

அன்றைக்குப் பதிவு வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தேன். தேசம்மா விடவில்லை. ஜமக்காளத்தைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு நிபந்தனைகள் இருந்தன. அழமாட்டேன். காலிக் குடம் பற்றிப் பேசமாட்டேன். இன்று காலை நடந்தது வெளியே வரக் கூடாது. ஆனால் என் பேர் வரணும், ஊர் பேர் வரணும், என் குரலிலேயே வரணும்.

கடைசி நிபந்தனைக்குக் காரணம் உண்டு. மறைவாகப் பேச விரும்புகிறவர்களின் குரலை இயந்திரத்தில் போட்டுக் கனமாக்கியோ கீச்சாக்கியோ மாற்றுவது எங்கள் வழக்கம். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் ஆட்டோவில் அந்தக் குரல் வந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். பேய் பேசுது என்பார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

அதுவரை உள்ளே இருந்த சுகன்யா வெளியே வந்தாள். பூவைக் கழற்றியிருந்தாள். "ஊர் பேர் வேணாம்மா" என்றாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் என்னைப் பார்த்துத்தான் காரணம் சொன்னாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஊர் பெயர் தெரிந்ததிலிருந்து யாரும் அவள் பாட்டிலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். வாயால் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாங்கிக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தக் கம்பெனியில் கும்மிடிப்பூண்டி பஜார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது நாவல்மேட்டுத் திருப்பம்தான் முதலில் வரும். அங்கே இறங்குவதில்லை. தோழிகளோடு பஜார் வரை போய் இறங்கி, வரப்பு வழியாகத் திரும்பி நடந்து வருவாளாம், தினமும்.

"இவ்ளோ நாளா எதுக்குக் காலு வலிக்குதுன்னு நீ அழுவுறேன்னு இப்பதானே தெரியுது" என்றார் தேசம்மா. அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

  

"நீ ஊர மறைச்ச. நான் பாட்டில் வாங்கி வெச்சி மறைச்சேன். மறைச்சி இன்னாடி ஆச்சி?" என்றார் தேசம்மா மெதுவாக.

 சுகன்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேசம்மா மூடிய கதவைப் பார்த்தபடியே, ஆரம்பிக்கலாம் என்று எனக்குக் கைகாட்டினார்.

அவர் பேசியதை இங்கே அப்படியே எழுதுகிறேன். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"எம் பேரு தேசம்மா. ஊரு நாவல்மேடு. பேப்பர்ல போட்டாங்களே மஞ்சத் தண்ணி ஊருன்னு, அதே ஊருதான். கொயாய்ல இப்பவும் மஞ்சாத்தான் வருது. அத்த நாங்க குடிக்கிறதில்ல. லாரித் தண்ணி குடிக்கிறோம். எங்க ஊருக்குன்னு ஒரு தாங்கல் கீது. மழத் தண்ணி நிக்கிற சின்ன ஏரி. அது ரொம்பினா எங்களுக்கு லாரி தேவயில்ல. தண்ணி வர்ற கால்வாய வேலிக்காத்தான் முள்ளு மூடிக்கினு கீது. லீவு நாள்ல பொம்பளைங்க நாங்களே பாதி வெட்டிட்டோம். மீதி எல்லாம் பெரிய மரம். எங்க கைக்கு வரல. வர்ற ஞாயித்துக்கிழம கோடாலி கீறவங்க கோடாலியோட வாங்க. இல்லாதவங்க சும்மா வாங்க. பஜார்ல இருந்து வந்தா எடை மேடைய தாண்டி எடது பக்கம் திரும்பணும். வர்றவங்களுக்கு நாஷ்டா உண்டு. தண்ணி குடுப்போம். நல்ல தண்ணிதான், பயப்படாம குடிக்கலாம்."

கடைசி வரியில் அவர் குரல் லேசாகத் தழைந்தது. பிறகு சரியாகிவிட்டது. நான் அதை வெட்டவில்லை.

ஆசிரியரின் பயம்

சென்னையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆசிரியர் நல்ல மனிதர். என்னைவிட இளையவர். பதிவைக் கேட்டுவிட்டு உடனே போன் செய்தார். எல்லாம் சரி, ஆனால் மனதைத் தொடுகிற விஷயம் எதுவும் இல்லையே என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெண் பார்க்க வந்த கதையை உளறிவிட்டேன். "அதுதாங்க செய்தி!" என்று துள்ளினார்.

அது வராது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் வேறு பக்கமாக வந்தார். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு. ஊர் பெயரையும் ஆள் பெயரையும் சொல்லி ஒலிபரப்பினால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் கஷ்டம் வராதா? பெயரை மறைத்து, குரலை மாற்றிப் போடலாமே? நாளைக்கு அந்தப் பெண் வந்து கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

நியாயமான கேள்வி.  சாத்திய கதவு கண் முன்னால் நின்றது. அம்மா சொல்லச் சொல்கிறாள், மகள் வேண்டாம் என்கிறாள். ஊர் இரண்டு பேருக்கும் சொந்தம். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு நாள் பதிவை அனுப்பாமல் வைத்திருந்தேன். கேட்டுக்கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. ஊர் பெயரை எடுத்துவிட்டால் கோடாலியோடு வருகிறவன் எங்கே வருவான்? குரலை மாற்றிவிட்டால் பேய் கொடுக்கும் தண்ணீரை எவன் குடிப்பான்? 'ஒரு கிராமத்தில் ஒரு பெண்' என்று தொடங்கினால் மறுபடியும் உச்சுக்கொட்டல்தான்.

தேசம்மாவுக்குப் போன் செய்து, சுகன்யா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றார். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நான் பெத்த பொண்ணு யக்கா. கோவப்பட்டா எங்கிட்ட படட்டும். நீ போடு" என்றார். அன்றுதான் முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினார்.

போட்டோம். எந்தப் பெயரையும் மாற்றாமல், எந்தக் குரலையும் மாற்றாமல். மனம் நிம்மதியாக இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்ததும் வராததும்

அதனால் என்ன விளைந்தது என்று கேட்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போதுமான ஆட்கள். எளாவூர்ப் பக்கம் லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் கோடாலியோடு வந்தார்கள். மேட்டுப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கும் பெரியவர், ஊரில் நைனா என்பார்கள், அவர் நேரில் வரவில்லை. டிராக்டரை அனுப்பினார். டிராக்டர் ஓட்டி வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேனை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார். வேலை நன்றாகச் செய்தார். நாவல்மேட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருஷத்து மழைக்குத் தாங்கல் நிரம்பியது. தண்ணீரைச் சோதித்து, புழங்கலாம் என்றார்கள். அதிலிருந்து பாதித் தெருக்களுக்குப் புதுக் குழாய் வந்திருக்கிறது. மீதித் தெருக்களுக்கு மனு நடந்துகொண்டிருக்கிறது. பழைய குழாயில் தண்ணீர் இன்னும் மஞ்சள்தான்.

பொன்னேரிக்காரர்கள் திரும்பி வரவில்லை. குரலுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று நான் சொன்னால் பொய். சுகன்யாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்கிறாள். இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்னால் அவளிடம்தான் கேட்டேன். பெண் பார்க்க வந்ததையும் எழுதலாமா, பெயரை மாற்றட்டுமா என்று. "பேரோட எழுதுங்க ஆன்ட்டி" என்றாள்.

அவள் அப்படிச் சொல்வாள் என்று அந்தச் செய்தி வந்த அன்று எனக்குத் தெரியாது.

கடைசி சீட்

அன்று சாயங்காலம் தொழிற்பேட்டை வாசலில் டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோவில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். டில்லி எனக்குப் பழக்கம். என் பழக்கமும் அவனுக்குத் தெரியும். "இன்னிக்கு உன்னுதாக்கா?" என்று கேட்டுவிட்டு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தான்.

சங்கு ஊதியது. நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டே வந்து ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் சுகன்யா.

என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. எத்தனையோ ஆட்டோ இருக்க, இதிலா ஏற வேண்டும்? ஆனால் ஆட்டோ கிளம்பிவிட்டது.

முதலில் ரயில் நேரம் வந்தது. அடுத்து மின்தடை. பிறகு 'எம் பேரு தேசம்மா, ஊரு நாவல்மேடு' என்று ஸ்பீக்கர் பேசியது.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. மடியிலிருந்த பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐய, மஞ்சத் தண்ணி ஊரு" என்றாள் எதிரில் இருந்த ஒரு பெண். கோட்டில் கவிதா என்று பெயர் தைத்திருந்தது. பக்கத்திலிருந்தவள், "இருடி, அந்தம்மா இன்னா சொல்லுதுன்னு கேப்போம்" என்று அவள் முழங்காலில் தட்டினாள். டில்லி சத்தத்தைக் கூட்டினான்.

கால்வாய் வந்தது. வேலிக்காத்தான் வந்தது. கோடாலி வந்தது. யாரும் பேசவில்லை. கொட்டாவியும் வரவில்லை. நல்ல தண்ணிதான், பயப்படாம குடிக்கலாம் என்று முடிந்தபோது கவிதா மட்டும், "பாவம், நல்லாப் பேசுது" என்றாள். ஸ்பீக்கரில் அடுத்த செய்தி தொடங்கியது.

தூரத்தில் திருப்பத்துப் புளியமரம் தெரிந்தது. தினமும் தாண்டிப் போகிற புளியமரம்.

"அண்ணா, நாவல்மேட்ல நிறுத்துங்க" என்றாள் சுகன்யா.

டில்லி கண்ணாடியில் பார்த்தான். அவள் பஜாரில் இறங்குகிறவள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் கேட்காமல் ஓரம் கட்டினான். கவிதாதான் கேட்டாள், இங்கே உனக்கு யாரைத் தெரியும் என்று.

"எங்க அம்மா. இப்பப் பேசினது."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் போகவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  குரல் நடுங்கவில்லை.

"ஊடு இங்கதான், கிட்ட. வாங்கடி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

 ஒருத்தி போனைப் பார்த்தாள். இன்னொருத்தி, லேட்டாவுது, வீட்டில் தேடுவார்கள் என்று முணுமுணுத்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. நான் எழலாமா என்று நினைத்தேன். நான் எழுந்து பிரயோஜனம் இல்லை. கேட்டது என்னை அல்ல.

டில்லி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். ஸ்பீக்கரும் நின்றுபோனது.

அப்போது கவிதா இறங்கினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முழங்காலில் தட்டியவள் இறங்கினாள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன்.

தேசம்மா அப்போதுதான் கேன்டீன் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். மகளோடு வருகிறவர்களைப் பார்த்தார். கம்பெனி நீலக் கோட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். நான் வாசலில் நின்றபடி பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் பாட்டில் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன்.

அதே தாம்பாளத்தில் எவர்சில்வர் டம்ளர்களை வைத்து எடுத்து வந்தார். நிரம்பத் தண்ணீர்.

கவிதா ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நின்றபடியே மடமடவென்று குடித்து முடித்தாள். காலி டம்ளரைத் தாம்பாளத்தில் வைக்கவில்லை. தேசம்மாவிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் குடுங்கம்மா" என்றாள்.